பசி என்று எழுதக் கூடாது

நார்பர்ட் பியென்கோவ்ஸ்கியின் இடது கையில், தோலுக்கு அடியில், ஓயாத இரைச்சல் ஒன்று உண்டு. விரலை வைத்தால் பூனையின் கழுத்தைத் தொட்டது போல அதிரும். மருத்துவர்கள் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்துவிட்ட இடம் அது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு அங்கே இரண்டு ஊசிகள் இறங்கும். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும். பக்கத்தில் நிற்கும் எந்திரம் அதைக் கழுவும். மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம். மில்வாக்கி நகரின் தென்பக்கத்தில் இருக்கும் அந்த டயாலிசிஸ் நிலையத்தில் ஜன்னலோர நாற்காலி அவருடையது. மூன்று வருஷமாக வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். செவ்வாயும் வியாழனும் வேறொருவர் உட்காருகிறார் என்பது தெரிந்தும்.

"ஞாயித்துக்கிழமை யாரைக் கடிச்சீங்க நார்ப்?" என்று ஊசி போடும் பெண் கேட்பாள். எல்லோருக்கும் அவர் நார்ப்தான்.

"ஒரு வக்கீலை."

"செத்தானா?"

"சே, அரைக் கோப்பைதான். அவன் மேல அவ்வளவு தப்பு இல்ல."

விஷயம் இதுதான். நார்ப் ஐம்பத்தெட்டு வயது வரை மாநகரப் பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் ரத்தக்காட்டேரி. மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடும் கதை ஆட்டம் அது. அவருடைய பாத்திரத்தின் பெயர் அம்ப்ரோஸ். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் போலந்தின் கிராக்கூவ் நகரத்தில் மணி வார்த்துக்கொண்டிருந்தவன், கடிபட்டான், சாகாமல் இருக்கிறான். பத்தொன்பது வருஷமாக நார்ப் அவனாக இருக்கிறார். மனைவி கேரலுடன் வாழ்ந்தது பதினோரு வருஷம்தான்.

ஒரு புதன்கிழமை, டிசம்பர் முதல் வாரம், கர்டிஸ் பிளெட்ஸோ அந்த நிலையத்துக்குள் நுழைந்தான். பேருந்து ஓட்டும் சீருடையிலேயே வந்திருந்தான். அவன் நார்ப்பை விடப் பதினாலு வயது இளையவன். ஆறடி மூணு அங்குலம். அதே ஆட்ட மேஜையில் ஒடீல் என்ற முந்நூறு வயது பிரெஞ்சுச் சீமாட்டியாக வருகிறவன். நாற்காலி போதாமல் நார்ப்பின் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

"பொருந்திடுச்சு" என்றான்.

"எது?"

"என் கிட்னி. உனக்கு."

நார்ப் எந்திரத்தைப் பார்த்தார். சிவப்புக் குழாய்கள் அசையாமல் இருப்பது போலத்தான் தெரியும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

"உன்னை யாரு பரிசோதனைக்குப் போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"வீட்டுல இவெட்டுக்குத் தெரியுமா?"

"முதல்ல கத்தினா. அப்புறம் ஆறு வாரம் லீவுக்கு அவளே மனு எழுதிக் குடுத்தா. என் பொண்ணுங்க ரெண்டு பேரும் தழும்பு எந்தப் பக்கம் வரும்னு பந்தயம் கட்டியிருக்குங்க."

"ஏன் கர்டிஸ்?"

"சும்மாதான்."

"சும்மாங்கிறது காரணம் இல்ல."

கர்டிஸ் சிரித்துவிட்டான். "யோவ், இது ஆட்ட மேஜை இல்லய்யா. ஆஸ்பத்திரி." பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஜனவரியில ஒரு தேதி இருக்காம். நீ சம்மதிச்சாதான். திங்கக்கிழமை மதியத்துக்குள்ள ஆபரேஷன் ஏற்பாட்டைப் பாக்கற அம்மாவுக்குப் பதில் சொல்லணும். இல்லன்னா அந்தத் தேதியை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

அவன் போனபின் நார்ப் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்து ஊசிப் பெண் போர்வையை இழுத்துவிட்டாள்.

*

சும்மா என்பது காரணம் இல்லை என்று கர்டிஸிடம் அவர் சொன்னது ஏதோ வாய்க்கு வந்த பேச்சு இல்லை. அது அவருடைய சட்டம்.

கிடங்கில் முப்பத்தொரு வருஷம் அவர் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எந்த மெக்கானிக் வந்தாலும் சீட்டு எழுதாமல் ஒரு போல்ட்டுகூட வலையைத் தாண்டாது. வண்டி எண், பாகம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் 'தேவை' என்று எழுதினால் சீட்டைத் திருப்பித் தள்ளுவார். "தேவைன்னு தெரியுது, அதுக்குத்தானே வந்திருக்க. என்ன கெட்டுப்போச்சு, அதை எழுது." திட்டிக்கொண்டே எழுதுவார்கள். ஆனால் நாலாயிரம் பாகங்களில் ஒன்றுகூட அவர் காலத்தில் காணாமல் போனதில்லை.

ஆட்டத்தை ஆரம்பித்தவள் மார்லிஸ் குண்டர்சன். பணிமனையில் இருந்து வண்டிகளை ரேடியோவில் நடத்தியவள் அவள்தான். பனிப்புயலில் வழுக்கி நின்ற ஓட்டுநர்கள் அவள் குரலைக் கேட்டுத்தான் வண்டியை மறுபடி கிளப்புவார்கள். அந்தக் குரலே கதையையும் நடத்தியது. முதலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடினார்கள். என்ன ஆட்டம் என்று பாதிரியாருக்குத் தெரிந்ததும் அன்பாக வெளியேற்றப்பட்டார்கள். அதிலிருந்து பதினேழு வருஷமாக ஒரு பௌலிங் கூடத்தின் பின்னறை. சுவருக்கு அந்தப்பக்கம் பந்து உருளும், கட்டைகள் சரியும், அம்ப்ரோஸ் கல்லறைத் தோட்டத்தில் நடப்பான்.

அந்த மேஜையில் சீட்டைக் கொண்டுவந்தது நார்ப். ஒரு காட்டேரி ஒருவரின் ரத்தத்தைக் குடிக்கவேண்டுமானால், ஆடுகிறவர் முதலில் ஒரு சீட்டில் யாரை, ஏன் என்று எழுதி மார்லிஸிடம் கொடுக்க வேண்டும். அவள் ஒப்பினால்தான் பகடை. 'பசி' என்று எழுதக் கூடாது. பசி எல்லாக் காட்டேரிக்கும் உண்டு. காரணம்தான் ஆளுக்கு ஆள் வேறு. காரணம் இல்லாமல் குடித்தால் அது மிருகம், பாத்திரம் இல்லை. இது நார்ப்பின் வாதம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் ஆட்டம் சட்டென்று நன்றாகிவிட்டது.

ஒடீலின் சீட்டுகள் அற்பமானவை. 'அவனுடைய கழுத்துப்பட்டையின் நிறம் என் கையுறையோடு ஒத்துப்போகவில்லை' என்று எழுதிவிட்டுக் கர்டிஸ் விசிறியால் விசிறிக்கொள்வான். அம்ப்ரோஸின் சீட்டுகள் தீர்ப்புகள். குற்றம் செய்தவனை மட்டுமே அம்ப்ரோஸ் தொடுவான். 'ஜனவரியில் குடியிருந்தவர்களுக்குக் கணப்பை நிறுத்தினான்.' 'குழந்தைக்கான மருந்தில் தண்ணீர் கலந்தான்.' வருஷங்கள் போகப் போகப் பெரிய பாவிகள் தீர்ந்துபோனார்கள். 'நாயை உதைத்தான்.' 'நன்றி சொல்ல மறந்தான்.' அந்தக் கடைசிச் சீட்டைப் பார்த்து மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "இதுக்கெல்லாமா நார்ப்? என் மருமகன் தாங்க மாட்டானே."

ஆனால் யாராவது தானாகவே கழுத்தைக் காட்டினால் அம்ப்ரோஸ் எழுந்து போய்விடுவான். பத்தொன்பது வருஷத்தில் மாறாதது அது ஒன்றுதான்.

மாய் நூ வாங் இந்த வருஷ வசந்தத்தில்தான் சேர்ந்தாள். மார்லிஸின் பக்கத்து வீட்டுப் பெண், லாவோஸிலிருந்து வந்த ஹமோங் குடும்பம், இருபத்தாறு வயது, பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. முதல் வாரமே எல்லோருக்கும் அளவெடுத்துக் கோரைப்பல் செய்துவந்தாள். கர்டிஸ் அதை மாட்டிக்கொண்டு ஒரு நாள் வண்டி ஓட்டி, மேலதிகாரியிடம் எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினான். அவளுடைய முதல் சீட்டில் ஒரே சொல்: பசிச்சது.

"இந்த மேஜையில பசின்னு எழுதக் கூடாதும்மா" என்றார் நார்ப்.

"ஆனா அதானே நிஜம்?"

"நிஜம்தான். அது பத்தாது."

"அப்ப சாப்பிடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஏதாவது பொய் சொல்லணுமா?"

கர்டிஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தான். நார்ப் சிரிக்கவில்லை. அவள் வேறொன்று எழுதினாள்: 'அவள் கதவைத் தாழிடாமல் வைத்திருந்தாள்.' மார்லிஸ் ஒப்பினாள்.

*

புதனிலிருந்து ஞாயிறு வரை நார்ப் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடக் கூடியதும் அதிகம் இல்லை: உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது, பாலாடைக்கட்டி கூடாது, பாலாடைக்கட்டிக்குப் பேர்போன விஸ்கான்ஸினில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய நாடுகடத்தல் எது? தண்ணீர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு. தாகம் மிஞ்சினால் ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்: கர்டிஸ் என்ன தப்பு செய்தான், அவன் வயிற்றைக் கிழிக்க? கேள்வியே கோணலானது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை அவர் வேறு விதமாகக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அவருடைய அப்பா தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளி. நார்ப்புக்கு எட்டு வயதாக இருந்தபோது ஆலையில் வேலைநிறுத்தம், நாலு மாதம். வீட்டில் முட்டைக்கோஸ் சூப்பும், பிறகு முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீரும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கையில் எதிர்வீட்டு ஸ்டாக்கோவியாக் அம்மாள் வாசற்படியில் ஒரு கூடையை வைத்துவிட்டுப் போனாள். உள்ளே முழுப் பன்றித்தொடை ஹாம், கிராம்பு குத்தி, தேன் தடவி வேகவைத்தது. அப்பா கூடையின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். மறுபிடியை நார்ப்பைப் பிடிக்கச் சொன்னார். இருவருமாகத் தெருவைக் கடந்து திருப்பிக் கொடுத்தார்கள். "நாங்க கேக்கலியே" என்றார் அப்பா. அவ்வளவுதான். நார்ப்புக்கு அந்த வாசனை இன்றும் மூக்கிலேயே இருக்கிறது.

*

ஞாயிறு. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எந்திரம் இல்லாத இரண்டாவது நாள். வாரத்திலேயே கனமான நாள். கணுக்காலில் சாக்ஸ் பதிந்து பள்ளமாகியிருந்தது. முன்கூடத்துத் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊரே கத்தியது. மேஜையில் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகள். நார்ப்புக்கு முன்னால் பனிக்கட்டிக் கோப்பை. கர்டிஸ் அவரைப் பார்க்காமல் பகடைகளை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் ஆரம்பித்தாள். அம்ப்ரோஸ் தனியாக மிச்சிகன் ஏரியைக் கடக்கிறான். கப்பல் புயலில் உடைகிறது. ஏரி நடுவே பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம். சுற்றிலும் பனி இறுகிவிட்டது. வசந்தம்வரை படகு வராது. உள்ளே ஒரே ஒருவர், விளக்கைக் காக்கும் கிழவர் தோர்வால்ட். பதினேழு நாள் ஆயிற்று. அம்ப்ரோஸ் எலிகளையும் தீர்த்துவிட்டான்.

"அவருக்கு உன்னைப் பத்தித் தெரியும்" என்றாள் மார்லிஸ். "முதல் நாளே தெரிஞ்சிடுச்சு. இன்னிக்கு உன் பக்கத்துல வந்து உக்கார்றாரு. சட்டைக் கையைச் சுருட்டி விடறாரு. கையை நீட்டறாரு." குரலைத் தாழ்த்திக் கிழவராகவே பேசினாள்: "கொஞ்சமா எடுத்துக்கோ. நீயும் போயிட்டா நான் மிச்சக் குளிர்காலம் முழுக்க யாரோட பேசறது?"

நார்ப் நிமிர்ந்தார். "இதை எனக்காக எழுதினியா மார்லிஸ்?"

"அக்டோபர்லயே எழுதிட்டேன். கர்டிஸ் விஷயம் எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும். மாத்தலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்." அவள் கண்ணாடியைத் துடைத்தாள். "மாத்தல."

மாய் நூவுக்கு அந்த விஷயம் தெரியாது. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கர்டிஸ் சுருக்கமாகச் சொன்னான்: "நான் இவனுக்குக் கிட்னி குடுக்கறேன்னு சொன்னேன். இவன் இன்னும் யோசிக்கறான்." அவள் கையிலிருந்த பாலாடைக்கட்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

நார்ப் சீட்டை எடுத்தார். யாரை: தோர்வால்ட். ஏன்: பேனா நின்றது.

"அவர் என்ன தப்பு பண்ணியிருக்கார்?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? அம்ப்ரோஸைக் கேக்கச் சொல்லு."

"ஐயா, நீங்க எப்பவாவது யாருக்காவது கெடுதல் பண்ணியிருக்கீங்களா?" என்று நார்ப் அம்ப்ரோஸாகக் கேட்டார்.

மார்லிஸ் யோசித்தாள். கிழவர் யோசித்தார். "பத்து வயசுல தம்பியோட பேனாக்கத்தியை எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

நார்ப் வேகமாக எழுத ஆரம்பித்தார். 'கத்தி திரு...'

"ராத்திரி தூக்கம் வரல. காலையில திருப்பிக் குடுத்துட்டேன்."

"திருப்பிக் குடுத்துட்டாருய்யா!" கர்டிஸ் கத்திவிட்டான். முன்கூடத்திலும் அதே நேரம் கத்தினார்கள். யாரோ புள்ளி எடுத்திருக்க வேண்டும். "இன்னும் என்ன வேணும் உனக்கு? அந்த மனுஷன் கெட்டவனா இருந்தாத்தான் குடிப்பியா? நல்லவன் குடுத்தா கசக்குமா?"

"அம்ப்ரோஸுக்கு ஒரு விதி இருக்கு."

"நான் அம்ப்ரோஸைக் கேக்கல."

"இந்த மேஜையில அவனைத்தான் கேக்க முடியும்."

மாய் நூ தன் முன்னால் இருந்த வெற்றுச் சீட்டில் எதையோ எழுதி அவர் பக்கம் நகர்த்தினாள். பழைய ஒற்றைச் சொல்தான். நார்ப் அதைப் படித்தார். முகம் கோணாமல், மரியாதையாகவே, அவளிடம் திருப்பித் தள்ளினார். முப்பத்தொரு வருஷம் வலைக்குப் பின்னால் இருந்து தள்ளிய அதே விரல்.

"அம்ப்ரோஸ் கிழவரோட சட்டைக் கையை இறக்கி விடறான்" என்றார். "பித்தானைப் போட்டு விடறான். சீட்டு இல்ல."

"நார்ப்" என்றாள் மார்லிஸ். "சீட்டு இல்லன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பகடை உருட்டறியா? ஒரு நாள் தாங்குவானான்னு பாக்கலாம்."

"வேண்டாம்."

பத்தொன்பது வருஷம். மார்லிஸ் அவசரப்படவில்லை, புயலில் சிக்கிய ஓட்டுநரிடம் பேசுவது போலவே சொன்னாள். அம்ப்ரோஸ் படிகளில் ஏறி விளக்கறைக்குப் போகிறான். பனி மேல் வெளிச்சம் சுழன்று சுழன்று போவதைப் பார்க்கிறான். அங்கேயே சுவரில் சாய்ந்து உட்காருகிறான். அவன் வார்த்த மணிகளில் எது இன்னும் உடையாமல் இருக்கிறது என்று எண்ணிப்பார்க்கிறான். பொழுது விடியும்போது அங்கே ஒரு கோட்டும் கொஞ்சம் சாம்பலும்.

பாத்திரம் ஒன்று செத்தால் அந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. அதன் விவரம் எழுதிய தாளை நடுவில் கவிழ்த்து வைப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் கட்டைகள் மொத்தமாகச் சரியும் சத்தம் கேட்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். நின்றார்கள். அன்று பார்த்து எல்லோரும் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து உருட்ட ஆளில்லை. நெடுநேரம் நின்றார்கள். நார்ப்பின் கால்கள் வீங்கி வலித்தன. கர்டிஸ் தன் நாற்காலியை அவர் பின்னால் நகர்த்தினான், அவர் உட்காரவில்லை. கடைசியில் எங்கோ ஓரத்துத் தடத்தில் ஒரு குழந்தை உருட்டிய பந்து, தடதடவென்று பக்கவாட்டில் மோதி மோதிப் போய், பத்துக் கட்டைகளையும் சாய்த்தது.

"கிழவர் என்ன ஆனார்?" என்று மாய் நூ கேட்டாள். யாரும் இதுவரை கேட்டிராத கேள்வி. செத்தவனோடு கதை முடிந்துவிடும், அதுதான் பழக்கம்.

மார்லிஸிடம் அதற்கு எழுதி வைத்த பதில் இல்லை. கவிழ்ந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "காலையில மேல வந்து பார்த்தாரு. கோட்டை எடுத்து மடிச்சு வெச்சாரு. அப்புறம் கீழ போயி, ரெண்டு பேருக்குன்னு போட்ட தட்டுல ஒண்ணை எடுத்து உள்ள வெச்சாரு. ஏப்ரல் வரைக்கும் யாரும் வரல."

நார்ப் அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஹாம் அவருக்கு நினைவிருந்தது, கிராம்பு ஒவ்வொன்றாக. ஆனால் அந்த வாசலில் ஸ்டாக்கோவியாக் அம்மாள் கூடையை உடனே வாங்கவில்லை என்பது ஐம்பது வருஷத்தில் ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை. அவள் கைகள் இரண்டும் சமையல் மேலங்கி மேலேயே இருந்தன. அப்பா கூடையை நீட்டிக்கொண்டே நின்றார். மாவு ஒட்டிய அவள் கைகள். பிறகு வாங்கிக்கொண்டாள். வசந்தம் வந்தபின் அவர்கள் வீட்டுப் பக்கம் பார்த்து அவள் கையசைத்ததே இல்லை. கோபக்காரி என்று அம்மா சொல்வாள்.

*

வண்டி நிறுத்துமிடத்தில் கர்டிஸ் தன் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தேவைக்கு மேல் அழுத்திச் சுரண்டினான். நார்ப் மெதுவாக நடந்து வந்தார்.

"அதான் உன் பதில்னா வாயால சொல்லிடு" என்றான் கர்டிஸ், திரும்பாமல். "நாளைக்கு அந்த அம்மா கிட்ட நானே சொல்லிடறேன். ஆனா ஒரு பொம்மை ஆட்டத்துல ஒருத்தனைச் சாகடிச்சு எனக்குச் சேதி அனுப்பாத."

"அது அம்ப்ரோஸோட பதில். அவன் அப்படித்தான் இருந்தான். கடைசி நாள்ல மாத்தினா அவன் அவனா இருந்திருக்க மாட்டான்."

"நல்லது."

"எனக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு திங்கணும் கர்டிஸ்."

சுரண்டும் சத்தம் நின்றது.

"ஒரு குவளைத் தண்ணியை நிறுத்தாம குடிக்கணும். திங்கக்கிழமை காலையில எழுந்து எங்கயும் போகாம இருக்கணும்." நார்ப் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "வேற ஒண்ணும் இல்ல. உனக்கு ஏத்த மாதிரி ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், நாலு நாளா. கிடைக்கல. எனக்குப் பசிக்குது. அவ்வளவுதான்."

கர்டிஸ் திரும்பினான். ஆறடி மூணு அங்குல மனிதன் கையில் பனிச் சுரண்டியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"அது போதும்யா" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சீமாட்டி ஒடீலோட கிட்னி, ஞாபகம் வெச்சுக்கோ. மட்டமான உடுப்பெல்லாம் போடக் கூடாது இனிமே."

"போடா."

*

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, ஊசிகள் இன்னும் கையில் இருக்கும்போதே, மாற்று அறுவைப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அட்டையில் தாள்களைச் செருகிக்கொண்டு வந்தார். எங்கெங்கே கையெழுத்து என்று மஞ்சள் ஒட்டுச்சீட்டு வைத்திருந்தார். நார்ப் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். பெயர். பிறந்த தேதி. ரத்த வகை. அபாயங்கள், ஒன்றரைப் பக்கம். சம்மதிக்கிறேன்.

தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம்.

"ஏதாவது விட்டுப்போச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்னு நெனச்சேன்."

"அதெல்லாம் நாங்க கேக்கறதில்லீங்க."

நார்ப் வெற்றுப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, இடது கையை அசைக்காமல், வலது கையால் கையெழுத்துப் போட்டார்.